தெற்குத் திருவிதாங்கூரை உலுக்கிய ஒரு முழத் துணி

கேள்வி இதுதான்: "வரலாறு என்றால் ராஜாக்களும் போர்களும் மட்டும்தானா? அதிகாரம், மோதல், சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கை, இவை மூன்றும் சேர்ந்து வரலாற்றை எப்படி மாற்றுகின்றன? ஒரு உதாரணத்தோடு விளக்க முடியுமா?"

பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன்: தோள்சீலைப் போராட்டம். மார்பையும் தோளையும் மறைத்துத் துணி போடும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய போராட்டம். அன்றைய திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், 1822-ல் தொடங்கி 1859 வரை நடந்தது. முப்பத்தேழு வருடம். பேத்தி பிறந்த பிறகும் பாட்டியின் வழக்கு முடியாத அளவுக்கு நீண்ட போராட்டம். நானும் அந்த மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கத்து வயதான பெண்கள் ரவிக்கையை 'ஜம்பர்' என்பார்கள். அந்த ஜம்பருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது பள்ளியில் இல்லை, அதற்கு ரொம்பப் பிறகுதான்.

முதலில் அந்த ஊர் வாழ்க்கை எப்படி இருந்தது என்று பார்க்கலாம். கல்குளம், இரணியல், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் நாடார்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். அன்றைய ஆவணங்கள் சாணார் என்றே எழுதுகின்றன. அந்த மக்கள் பின்னாளில் போராடி மாற்றிக்கொண்ட பெயர் அது என்பதால் நான் நாடார் என்றே எழுதுகிறேன். அவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள். பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சி வாழ்ந்தவர்கள். ஏறுகிற பனை அவர்களுடையது இல்லை, பனை நிற்கிற மண்ணும் அவர்களுடையது இல்லை. நிலம் நாயர்களிடமும் வெள்ளாளர்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. அகஸ்தீஸ்வரம் பக்கம் நிலபுலன் வைத்திருந்த, 'நாடான்' என்று அழைக்கப்பட்ட மேல்தட்டுக் குடும்பங்கள் சில உண்டு. ஆனால் அது விதிவிலக்கு.

சட்டம் உடம்பின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பொன் நகை கூடாது. வீட்டுக்கு மாடி கூடாது. பசு இருந்தாலும் பால் கறக்கக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து வரக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். நம்பூதிரியிடமிருந்து முப்பத்தாறு காலடியும் நாயரிடமிருந்து பன்னிரண்டு காலடியும் தள்ளி நிற்க வேண்டும். பெண்கள் இடுப்புக்கு மேலே துணி போடக் கூடாது. இவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த புலையர், பறையர் நிலைமை இதைவிட மோசம். அவர்களில் பலர் விலைக்கு விற்கப்பட்ட அடிமைகள்.

இதை வெறும் 'பழக்கவழக்கம்' என்று கடந்துபோகக் கூடாது. ராஜ்யத்தின் கணக்குவழக்கே இதன் மேல்தான் நின்றது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மா உள்ளூர்ப் பிரபுக்களை ஒடுக்கி, 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, 1750-ல் முழு ராஜ்யத்தையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். அன்று முதல் ராஜா பத்மநாபதாசன். ராஜாவுக்கு எதிராகப் பேசினால் சாமிக்கு எதிராகப் பேசியது போல ஆகிவிட்டது. சாமி பேரால் நடந்த ராஜ்யத்தில் பிராமணர்களுக்கு நாள்தோறும் இலவசச் சாப்பாடு போடும் ஊட்டுப்புரைகள் நடந்தன. ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஐம்பத்தாறு நாள் வேதம் ஓதும் முறைஜெபம் நடந்தது. இதற்கெல்லாம் சுமை தூக்கியது யார், பொருள் கொண்டு போய்க் கொட்டியது யார்? அதற்குத்தான் ஊழியம் இருந்தது. கூலி இல்லாத கட்டாய வேலை. அதிகாரி ஆள் அனுப்பினால் பனையிலிருந்து இறங்கிப் போக வேண்டும். இதோடு தலைவரி வேறு.

ஆகவே மார்பில் துணி போடாதே என்பதும், கூப்பிட்டால் ஊழியத்துக்கு வா என்பதும் ஒரே கட்டளையின் இரண்டு முனைகள். யாரைக் கூலியில்லாமல் கூப்பிடலாம் என்பது தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே இதுதான். அதிகாரம் அரண்மனையில் மட்டும் இருப்பதாக நினைத்தால், ஒரு சந்தையில் ஒரு பெண்ணின் தோளிலிருந்து துணியை ஏன் ஒருவன் இழுத்துக் கிழித்தான் என்பது கடைசி வரை புரியாது.

சரி, இவ்வளவு இறுக்கமான அமைப்பு ஏன் ஆட்டம் கண்டது?

முதல் விரிசல் மேலே விழுந்தது. 1795-லும் 1805-லும் போட்ட ஒப்பந்தங்களால் திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் போனது. இரண்டாவது ஒப்பந்தத்தின்படி வருடம் எட்டு லட்சம் ரூபாய் கப்பம். அதை எதிர்த்து 1809-ல் திவான் வேலுத்தம்பி கலகம் செய்து தோற்றார். அதோடு நாயர் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. ஆயுதம் ஏந்துவதையே தலைமுறை தலைமுறையாகத் தன் பெருமையாக நினைத்த ஒரு சமூகத்தின் கையிலிருந்து அந்த ஆயுதம் பிடுங்கப்பட்டது. பிறகு வந்த கர்னல் மன்றோ கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டாகவும் திவானாகவும் ஒரே சமயத்தில் இருந்தார். ராணியின் பெயரில் ஆண்டது அவர்தான். மேலே அதிகாரம் நழுவியவர்களுக்கு மிச்சம் இருந்தது, கீழே இருப்பவர்களிடம் காட்டக்கூடிய அந்தஸ்து மட்டும்தான். பின்னால் நடந்த வன்முறையின் மூர்க்கத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அதை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை.

இரண்டாவது விரிசல் கீழே. 1806-ல் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பில் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி வந்தார். அவரை அழைத்தவர் சாம்பவர், அதாவது பறையர் சமூகத்தவர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு மீட், மால்ட் போன்ற லண்டன் மிஷன்காரர்கள் நாகர்கோவிலில் நிலைகொண்டார்கள். பள்ளிக்கூடம் வந்தது, பெண்பிள்ளைகளுக்கும் வந்தது. மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நாகர்கோவில் லேஸ் கடல் கடந்து விற்றது. அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். நூலும் ஊசியும் வைத்துக்கொண்டு ஒரு பெண் தன்னையே மீட்டுக்கொண்டாள் என்று படித்தபோது, நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் இலங்கை. 1830-களுக்குப் பிறகு அங்கே காப்பித் தோட்டங்கள் பெருகின. தெற்குத் திருவிதாங்கூரிலிருந்தும் ஆட்கள் கடல் கடந்து போனார்கள். தோட்டத்து வாழ்க்கை கொடுமையானதுதான். ஆனால் அங்கே காசாகக் கூலி கிடைத்தது. கூலி வாங்கிப் பழகிய கை ஊருக்குத் திரும்பி ஊழியத்துக்கு எளிதில் வணங்காது. மிஷனரிகள்தான் எல்லாவற்றையும் மாற்றினார்கள் என்று சொல்பவர்கள் இந்தக் காசை மறந்துவிடுகிறார்கள்.

இனி அந்தத் துணிக்கு வருவோம். நிர்வாணத்துக்கு எதிரான போராட்டம் என்று இதை எளிமைப்படுத்துவது தவறு. அன்றைய திருவிதாங்கூரில் மார்பு திறந்திருப்பது தனக்கு மேலானவருக்குக் காட்டும் மரியாதை. நாயர் பெண்கள் நம்பூதிரி முன்னாலும் கோயிலிலும் மேல்துணியை விலக்க வேண்டியிருந்தது. ஆக ஒவ்வொரு படியும் தனக்கு மேலுள்ள படிக்கு முன்னால் துணியை இறக்கியது. கடைசிப் படியில் இருந்தவர்களுக்கு இறக்குவதற்குத் துணியே அனுமதிக்கப்படவில்லை. நாயர் பெண்கள் தோளில் மடித்துப் போட்ட மேல்சீலை மானத்தை மறைக்கிற துணி மட்டும் இல்லை. 'நான் ஊழியம் செய்கிறவள் இல்லை' என்று ஊருக்குச் சொல்கிற அடையாளம் அது.

மிஷனரிகளுக்கு வேண்டியிருந்தது அடக்கமான உடை. மன்றோவும் அந்த வழியில்தான் போனார். 1812–14 வாக்கில் மதம் மாறிய பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று உத்தரவு போட்டார். அரசவையில் எதிர்ப்புக் கிளம்பியதும், சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களும் போடுகிற குப்பாயம் போடலாம், மேல்சீலை கூடாது என்று ஆனது. குப்பாயம் என்றால் தொளதொளவென்ற சட்டை. மிஷனரி வீட்டுப் பெண்களே அதைத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். உடம்பை மறைப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. பெண்கள் குப்பாயம் போட்டார்கள், அதற்கு மேல் மேல்சீலையும் போட்டார்கள். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மிஷனரிகள் கேட்டது ஒன்று, அந்தப் பெண்கள் எடுத்துக்கொண்டது இன்னொன்று. தங்களுக்கு எது மறுக்கப்படுகிறது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. இந்த வரலாறு முழுவதிலும் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட நமக்குப் பரவலாகத் தெரியாது. ராஜா, திவான், ரெசிடெண்ட், பாதிரியார் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன.

1822-ல் கல்குளத்தில் முதல் மோதல். மேல்சீலை போட்டு வந்த பெண்களைப் பொது இடத்தில் மறித்துத் துணியைக் கிழித்தார்கள். வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குப் போய், 1823-ல் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு காகிதத்தில் இருந்தது, சந்தைக்குள் வரவில்லை. 1827-ல் இன்னும் பெரிதாகக் கிளம்பியது. பள்ளிக்கூடங்களையும் ஜெபக்கூடங்களையும் எரித்தார்கள். மீட் பாதிரியார் உயிருக்குப் பயந்து உதயகிரிக் கோட்டைக்குள் போக வேண்டியிருந்தது. வேடிக்கை பார்த்துவிட்டு, 1829 பிப்ரவரியில் ராணி பார்வதிபாய் அரசு ஒரு பிரகடனம் விட்டது: நாடார் பெண்கள் மேல்சீலை போடுவது முறையல்ல, குப்பாயம் வேண்டுமானால் போடலாம், ஊழியமும் மற்றவர்களைப் போலச் செய்ய வேண்டும். துணியும் ஊழியமும் ஒரே பிரகடனத்தில் வந்ததைக் கவனியுங்கள்.

அதே காலத்தில், அதே மண்ணில், மிஷனுக்கு வெளியே இன்னொரு குரல் எழுந்தது. 1809-ல் பிறந்த அய்யா வைகுண்டர். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்ந்த சாதிக்காரனுக்கு இந்தப் பெயரா என்று எதிர்ப்பு வந்ததால் முத்துக்குட்டி ஆனார் என்பது அவரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் மரபு. அவர் சாமித்தோப்பில் எல்லாச் சாதியையும் சேர்த்து உட்காரவைத்தார், பொதுக் கிணறு வெட்டினார், ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபட வரச் சொன்னார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றவனுக்குத் தலைப்பாகை என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. பெண்களுக்குத் தோளில் சீலை, ஆண்களுக்குத் தலையில் துணி. திருவிதாங்கூர் ராஜாவை 'அனந்தபுரி நீசன்' என்றார். வெள்ளைக்காரனையும் விடவில்லை, அவனை 'வெண்நீசன்' என்றார். சுவாதித் திருநாள் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. தோள்சீலைக் கதையைக் கிறிஸ்தவர்களின் கதையாக மட்டும் சொல்கிறவர்களுக்கும், வெள்ளைக்காரன் கொடுத்த வரம் என்று சொல்கிறவர்களுக்கும் வைகுண்டர் ஒரு பதில். மதம் மாறாத நாடார் பெண்களும் பிற்பாடு மேல்சீலை போட ஆரம்பித்ததை அவரை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

கடைசிக் கட்டம் 1855-க்குப் பிறகு. அந்த வருடம் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. நில உடைமையாளர்களுக்கு அது பெரிய அடி. 1858 நவம்பரில் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வந்தது: மத விஷயத்தில் அரசு தலையிடாது. இதை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகப் படித்தார்கள். மேல்சாதியினர், இனி மிஷனரிகளுக்குப் பின்பலம் இல்லை, பழைய வழக்கம் காப்பாற்றப்படும் என்று எடுத்துக்கொண்டார்கள். நாடார்கள், இனி எங்களைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரே தாள், இரண்டு அர்த்தம். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் கலவரம் வெடித்தது. திவான் மாதவராவ் அந்த டிசம்பர் கடைசியில், பழைய உத்தரவை யாரும் தாமாக மீறக் கூடாது என்று அறிவித்தார். அடிக்கிறவர்களுக்கு அது அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. 1859 ஜனவரியில் கோட்டாறு வரை பரவியது. சந்தைகளில் பெண்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் கொள்ளை போயின. இந்த முறை நாடார்களும் பல இடங்களில் திருப்பி அடித்தார்கள்.

ரெசிடெண்ட் கல்லன் அரண்மனைக்கு நெருக்கமானவர், அசையவில்லை. மிஷனரிகளின் மனு மெட்ராஸ் கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யனிடம் போனது. உண்மையும் நீதியும் இவ்வளவு முழுமையாக ஒரே பக்கம் இருக்கிற விவகாரத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன் என்ற பொருளில் அவர் கல்லனுக்குக் கடுமையாக எழுதினார். மனிதாபிமானம் அதில் இருந்தது என்று நம்புகிறேன். ஆனால் 1857 கலகம் நடந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. தெற்கே இன்னொரு நெருப்பு பற்றினால் யாருக்கு நஷ்டம் என்பதும் அவருக்குத் தெரியும்.

1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா பிரகடனம் போட்டார். நாடார் பெண்கள் எல்லா மதத்தினரும் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம். அல்லது முக்குவத்திகள், அதாவது மீனவப் பெண்கள், கட்டுவது போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம். வேறு எந்த விதமாகவும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

அந்தக் கடைசி வரியை மறுபடி படியுங்கள். அதிகாரம் தோற்கும்போது எப்படித் தோற்கிறது என்பது அதில் இருக்கிறது. உடம்பை விட்டுக்கொடுத்தார்கள், வேறுபாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. போகிற போக்கில் முக்குவத்திகளுக்கும் அவர்களின் இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனார்கள். பெண்கள் என்ன செய்தார்கள்? அந்த வரியைப் பொருட்படுத்தவில்லை. தங்களுக்கு விருப்பமான மாதிரி உடுத்தினார்கள். கொஞ்ச காலத்தில் எது யாருடைய பாணி என்று சொல்ல முடியாமல் போனது.

இணையத்தில் இந்தப் போராட்டத்தை 'முலைவரி'க் கதையோடு குழப்புகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது சேர்த்தலையைச் சேர்ந்த நங்கேலி என்ற ஈழவப் பெண்ணைப் பற்றி வாய்மொழியாக வந்த கதை. இடம் வேறு, சமூகம் வேறு. தலைக்கரம், முலைக்கரம் என்பவை ஆணுக்கும் பெண்ணுக்கும் விதித்த ஆள்வரியின் பெயர்கள். நடந்த கொடுமையே போதுமான அளவுக்கு இருக்கிறது. அதை இன்னொன்றோடு கலந்தால், மறுக்க நினைக்கிறவர்களுக்குத்தான் வசதி.

இதன் விளைவு துணியோடு நின்றதா? இல்லை. பள்ளிக்கூடமும் காசும் உரிமையும் கிடைத்த சமூகம் வணிகத்துக்கும் வக்கீல் தொழிலுக்கும் அரசியலுக்கும் வந்தது. 1940-களில் மார்ஷல் நேசமணி போன்றவர்கள் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டபோது, மேலே தெரிந்தது மொழிப் பிரச்சினை. ஊருக்குள் இறங்கிப் பார்த்தால் அடியில் இந்த நூறு வருட ஞாபகம் கிடந்தது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடை துப்பாக்கிச் சூடுகளில் ரத்தம் சிந்தியது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. ஒரு மாநில எல்லைக் கோட்டின் வேரைத் தேடிக்கொண்டு போனால், ஒரு சந்தையில் கிழிக்கப்பட்ட துணியும் அங்கே தட்டுப்படும்.

அந்த ஞாபகத்தின் மேலேயே இன்றும் இழுபறி இருக்கிறது. 2016 டிசம்பரில், சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இதைச் சொல்லும் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி கேட்க வேண்டாம் என்று சுற்றறிக்கை போனது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் இருநூறாம் ஆண்டு விழா நடந்தது. தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநில முதலமைச்சர்களும் ஒரே மேடையில் இருந்தார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. 1859 பிரகடனம் நாடார் பெண்களுக்கானது. புலையர் பெண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மயிலாடியில் முதன்முதலில் மிஷனை அழைத்தவர் சாம்பவர் என்று சொன்னேன். ஆனால் வென்ற உரிமை அந்தப் படி வரை தானாக இறங்கவில்லை. அடுத்த ஐம்பத்தாறு வருடம் புலையர் பெண்கள் சாதி அடையாளமாகக் கல்லுமாலையைக் கழுத்தில் சுமந்தார்கள், மேல்துணிக்குத் தடை இருந்தது. புலையர் தலைவர் அய்யன்காளி அதைக் கழற்றி எறியச் சொன்னார். 1915-ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் அதற்காகக் கலவரம் நடந்து, குடிசைகள் எரிந்தன. அந்த டிசம்பரில் கொல்லத்தில் கூட்டம் போட்டார்கள். மேடையில் அய்யன்காளி இருந்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, கழுத்திலிருந்த கல்லுமாலையை அறுத்துக் கீழே போட்டுக்கொண்டே போனார்கள்.